லென்ஸ் துடைக்கும் கை

சமயபுரம் கடைவீதியில் வேப்பிலை, மஞ்சள், தேங்காய்பழத் தட்டுகளுக்கு நடுவே தகட்டில் அடித்த கண்மலரும் விற்பனைக்கு இருக்கும். கண்ணில் நோவு வந்தால் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொள்வது திருச்சிப் பக்கத்தில் தலைமுறைகளாக வரும் வழக்கம். அதற்குப் பின்னால் பெரியம்மையின் வரலாறும் இருக்கிறது. உயிரை விட்டுவைத்த அம்மை, பல குழந்தைகளின் கருவிழியை விட்டுவைக்கவில்லை. புண் ஆறிய இடம் வெள்ளையாகத் தழும்பேறும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி பதிவானது 1975-இல். அம்மை ஒழிந்த பிறகும் கண்மலர் வாங்குகிறவர்கள் குறையவில்லை. புரை, கண் அழுத்தம், சர்க்கரையால் கெடும் விழித்திரை என்று நோய்தான் மாறியிருக்கிறது.

இந்த நோய்களைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் கண்ணாடி வழியாகத்தான். நோயாளியின் கண்ணுக்கும் டாக்டரின் கண்ணுக்கும் நடுவே இன்று வரிசையாக லென்ஸ்கள் நிற்கின்றன. வயிற்று ஆபரேஷன்கூட இப்போது லென்ஸ் வழியாகவே பார்த்துச் செய்யப்படுகிறது. அந்த லென்ஸ்களைத் துடைத்து வைப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஐம்பது ஆண்டுகளில் கருவி மாறியது, அதில் படியும் அழுக்கு மாறியது, துடைக்கும் துணியும் மாறியது. துடைப்பவருக்குப் பெரும்பாலான மருத்துவமனைகள் தரும் இடம் மட்டும் மாறவில்லை என்பது என் வருத்தம்.

முதலில் இந்த ஊர்க் காற்றைச் சொல்ல வேண்டும். மாசியில் பூச்சொரிதல் தொடங்கி சித்திரைத் தேர் முடியும்வரை வெயிலும் புழுதியும். பாதயாத்திரைக் கூட்டம், சென்னை நெடுஞ்சாலை வண்டிகள், கற்பூரப் புகை எல்லாம் சேர்ந்து காற்றில் நிற்கும். ஆடியில் காற்று மண்ணை வாரி இறைக்கும். ஐப்பசி பிறந்தால் கதை வேறு. தெற்கே கொள்ளிடம், ஊர்ப்பக்கம் பெருவளை வாய்க்கால், சுற்றிலும் நெல்லும் வாழையும். மழை விட்டாலும் ஈரம் விடாது. மார்கழிவரை பீரோவுக்குள் வைத்த துணியில் பூஞ்சை வாடை வீசும். ஆக, ஆண்டில் ஒரு பாதி லென்ஸுக்கு எதிரி தூசு, மறு பாதி பூஞ்சை. சமயபுரத்துக்கு மட்டுமல்ல, காவிரிக் கரை முழுவதற்கும் இதே கணக்குதான்.

திருச்சியில் டாக்டர் ஜோசப் ஞானாதிக்கம் கண் மருத்துவமனை தொடங்கியது 1934-இல். அந்தத் தலைமுறையில் ஒரு கண் டாக்டரின் கண்ணாடிச் சொத்து முழுவதும் ஒரு மேசையில் அடங்கிவிடும். பவர் பார்க்கும் ட்ரையல் செட், கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ஆப்தால்மாஸ்கோப், நெற்றியில் கட்டிக்கொள்ளும் லூப், வசதியுள்ள இடத்தில் ஒரு ஸ்லிட் லாம்ப். எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஒன்று கெட்டால் கப்பலில் வர வேண்டும். அதனாலேயே உயிரைப் போலக் காப்பாற்றினார்கள்: மரப்பெட்டி, உள்ளே வெல்வெட், மேலே தோல் உறை, அதன் மேல் பூட்டு.

அந்தப் பாதுகாப்பே பல லென்ஸ்களைக் கொன்றது. பூஞ்சையின் வித்து எந்நேரமும் காற்றில் மிதக்கிறது. லென்ஸில் ஒட்டியபின் அது முளைக்க வேண்டியவை ஈரம், இருட்டு, அசையாத காற்று, கொஞ்சம் இரை. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் போதும். தோலும் வெல்வெட்டும் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். தோல் பூஞ்சைக்கு இரையும் ஆகும். கண்ணாடியில் பதிந்த கைரேகையின் எண்ணெய்ப்பசை இன்னொரு இரை. தினமும் எடுத்துப் புழங்கிய கருவி தப்பித்தது. விசேஷத்துக்கு மட்டும் எடுப்போம் என்று பூட்டி வைத்த கருவி, திறந்து பார்க்கையில் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கிளைவிட்ட சிலந்தி நூலைப் போலப் பூஞ்சை படர்ந்து கிடந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஆரம்பத்தில் துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் அது சுரக்கும் அமிலம், மேல்பூச்சு இருந்தால் முதலில் அதையும் பிறகு கண்ணாடியையுமே அரிக்கும். அப்புறம் பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் அதன் தடம் கண்ணாடியில் இருக்கும்.

இந்தத் தொல்லையை மேற்கத்திய நாடுகள் பெரிய அளவில் உணர்ந்தது இரண்டாம் உலகப் போரில்தான். நியூகினிக் காடுகளுக்குப் போன பைனாகுலர்களும் குறிபார்க்கும் கருவிகளும் பூஞ்சை பிடித்துப் பயனற்றுப் போயின. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதற்கென்றே உட்கார்ந்து, பாதரசம் கலந்த மருந்தைக் கருவியின் உட்புறம் பூசும் அளவுக்குப் போனார்கள். அதே ஈரத்தில் காலங்காலமாக வாழும் நம் ஊரில் வழி எளிமையாக இருந்தது: கருவி வைக்கும் மர அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அலமாரியின் அடித்தட்டில் 25 அல்லது 40 வாட் பல்பு ஒன்று இரவு பகலாக எரியும். அதன் வெளிச்சத்தால் ஆகப்போவது குறைவு, வேலை செய்வது அதன் சூடுதான். அலமாரிக்குள் காற்று வெளியைவிடச் சில டிகிரி சூடேறினால் ஈரப்பதம் இறங்கிவிடும், பூஞ்சை முளைக்காது. மேலும் கீழும் காற்றோட்டத்துக்குத் துளை. தட்டுகளில் சிறு துணிப்பையில் சிலிகா ஜெல். நீல நிறத்தில் இருக்கும் அந்த மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாக மாறும். அப்படி மாறினால் இரும்புச் சட்டியில் போட்டு நீலம் திரும்பும்வரை வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் பையில் போடுவார்கள். ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரான ஓ.டி.யிலும் போட்டோ ஸ்டூடியோவிலும் இதே பல்புதான், இதே வறுத்த மணிதான். சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் இல்லை. பழைய அட்டெண்டரிடம் புதிய அட்டெண்டர் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

துடைக்கும் துணி, பல தடவை வெளுத்து நைந்த வேட்டி. கஞ்சி போடாததாக இருக்க வேண்டும். அதில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார்கள். இரண்டு மூன்று கண்ணாடியைப் பசைபோட்டு ஒட்டிய லென்ஸ்களில் ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றினால் அது ஓரம் வழியாக உள்ளே இறங்கிப் பசையைக் கெடுக்கும். இது தெரிந்தவர்கள் லென்ஸின் மேல் நேராக ஊற்றாமல் துணியில் தொட்டார்கள். தெரியாத இடங்களில் ஒட்டு விட்டுப்போன லென்ஸ்களில் வானவில் நிறம் தெரியத் தொடங்கியது.

1960, 70-களில் தமிழ்நாட்டில் கண் சிகிச்சை முகாம்கள் பெருகின. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி முகாம்களைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்; 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நாளில் முகாம் என்றால் ஆபரேஷனும் அங்கேதான்: பள்ளிக்கூட வகுப்பறை, சத்திரம், கல்யாண மண்டபம். டாக்டரின் கண்ணில் ஒரு லூப், பக்கத்தில் டார்ச் பிடிக்க ஓர் ஆள். புழுக்கத்தில் முகமூடிக்குள்ளிருந்து மேலேறும் மூச்சு லூப்பை மங்கவைக்கும். டாக்டர் கையால் தொடக்கூடாது, தொட்டால் கையுறை தீட்டு. உதவியாளர்தான் பின்பக்கமாக வந்து துடைத்துவிட வேண்டும், கூடவே நெற்றி வியர்வையையும். கண்ணின் இயற்கை லென்ஸை முழுசாக எடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். அதில் ஊர் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். குறைந்த வசதியில் நடந்த அந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பிறகு ஆபரேஷன் முகாமை விட்டு மருத்துவமனைக்குத் திரும்பியது. முகாம் என்பது பரிசோதனைக்கு மட்டும் என்றானது. கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கும் முறை பரவியது. 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி அந்த லென்ஸை மலிவாகச் செய்தது. இந்த வேலைக்கு லூப் போதாது, மைக்ராஸ்கோப் வேண்டும். மைக்ராஸ்கோப் வந்ததும் அழுக்கின் தன்மையே மாறிவிட்டது.

ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பின் கீழ் லென்ஸ் நோயாளியின் கண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கும். கண்ணில் ஓயாமல் உப்புநீர் பீய்ச்சப்படுகிறது. அதில் ஒரு துளி மேலே தெறித்துக் காய்ந்தால் லென்ஸில் ஓர் உப்புப் பொட்டு. முன்பு பழகியபடி ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் தேய்த்தால் அது போகாது. உப்பு ஸ்பிரிட்டில் கரையாது. தேய்க்கத் தேய்க்க அந்தப் படிகமே லென்ஸின் மேல்பூச்சைக் கீறும். விவரம் தெரிந்த சிஸ்டர் முதலில் ரப்பர் ப்ளோயரால் தூசை ஊதிவிடுவார். பிறகு டிஸ்டில்ட் வாட்டர் நனைத்த பஞ்சால் மெல்ல ஒற்றி உப்பைக் கரைப்பார். கடைசியாகத்தான் ஸ்பிரிட் தொட்ட லென்ஸ் பேப்பரால், நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி வட்டம் வட்டமாக, அழுத்தாமல் ஒரு தடவை. அந்தத் தாளைத் திரும்பப் பயன்படுத்துவதில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு என்பதற்குக் காரணம் உண்டு: அழுக்கு நடுவில் சேர்ந்தால் பார்வையை மறைக்கும், ஓரத்தில் கிடந்தால் அவ்வளவாக மறைக்காது.

பழைய கண்ணாடி வெறும் கண்ணாடி. ஒளி திரும்பித் தெறிக்காமல் தடுக்கும் பூச்சை 1935-இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் ஸ்மாக்குலா உருவாக்கினார்; இன்றைய லென்ஸ்களில் அப்படி அடுக்கடுக்காகப் பூச்சு இருக்கிறது. பார்வை துல்லியமானது, கூடவே லென்ஸின் தோலும் மென்மையானது. முன்பு துடைக்காமல் விட்டு லென்ஸைக் கெடுத்தார்கள் என்றால் இப்போது அதிகம் துடைத்துக் கெடுக்கிறார்கள். பளிச்சென்று இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் காய்ந்த காஸ் துணியால் அழுத்தித் துடைத்த லென்ஸ் சில ஆண்டுகளில் மெல்லிய கீறல்களால் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும்.

வயிற்று ஆபரேஷனில் மாற்றம் இதைவிடப் பெரிது. முன்பு வயிற்றைத் திறந்துதான் பித்தப்பையை எடுக்க முடியும். 1990-இல் மும்பையில் டாக்டர் டெஹெம்டன் உட்வாடியா சிறு துளை வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப் மூலம் பித்தப்பையை எடுத்தார்; கோவையில் டாக்டர் சி. பழனிவேலு அந்த முறையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தார். பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் குழாய்க்குள் கண்ணாடித் தண்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் ஹெரால்டு ஹாப்கின்ஸ் 1959-இல் வகுத்த அமைப்பு அது. மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே ஒரு தண்டு விரிசல் விடும்; திரையில் பிறைவடிவில் நிழல் விழும்.

ஓ.டி.யில் ஏ.சி. இருபது டிகிரியில் ஓடுகிறது. வயிற்றுக்குள் 37 டிகிரி, ஈரம் நிறைந்த காற்று. குளிர்ந்த லென்ஸ் உள்ளே போன மாத்திரத்தில் பனி மூடிக்கொள்ளும். "சிஸ்டர், மங்குது." "இதோ டாக்டர்." ஸ்கோப் வெளியே வரும். சிஸ்டரின் டிராலியில் ஒரு ஃபிளாஸ்க், அதற்குள் சூடான சலைன். நுனியை அதில் சில நொடி முக்கி, காஸால் ஒற்றி, திரும்பக் கொடுப்பார். லென்ஸ் உடம்பின் சூட்டுக்கு வந்துவிட்டால் பனி படியாது. சில இடங்களில் பீட்டாடின் தொட்டுத் துடைக்கிறார்கள், சில இடங்களில் அதற்கென்றே விற்கும் திரவத்தை. ஃபிளாஸ்க்கின் அடியில் காஸ் துணி போடாமல் வைத்தால் நுனி இடித்துக்கொள்ளும். அதையும் நினைவில் வைத்திருப்பவர் அவர்தான். ரத்தக்குழாய்க்குக் கிளிப் போடும் நேரத்தில் திரை மங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்த ஃபிளாஸ்க்கின் மதிப்பு தெரியும்.

கருவியைக் கிருமி நீக்கும் முறையும் மூன்று கட்டம் தாண்டிவிட்டது. முதலில் பார்மலின் மாத்திரை போட்ட பெட்டி; திறந்தால் கண் எரியும். பிறகு சைடெக்ஸ் என்ற கிருமிநாசினித் திரவம் நிரப்பிய தொட்டி. ஊறவைத்த பின் நன்றாக அலசாவிட்டால் லென்ஸில் மஞ்சள் படலம். இப்போது ஆட்டோகிளேவில் 134 டிகிரி தாங்கும் ஸ்கோப்புகளும் வந்துவிட்டன. இங்கே ஒரு புதிய எதிரி: தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் அதையே அலசவும் ஆட்டோகிளேவுக்கும் பயன்படுத்தினால் ஒவ்வொரு சுற்றிலும் லென்ஸில் சுண்ணாம்புப் படிவு ஏறும். ரத்தக்கறை ஒட்டியிருந்தால் அந்தச் சூட்டில் வெந்து இறுகிவிடும். முதலில் கழுவ வேண்டும், டிஸ்டில்ட் வாட்டரில் அலச வேண்டும், அதன் பிறகுதான் ஆட்டோகிளேவ். இந்த வரிசை பிசகினால் லட்ச ரூபாய்க் கருவி மங்கிப்போகும்.

பூஞ்சை ஒழிந்ததா என்றால் இல்லை. ஏ.சி. வந்தால் பூஞ்சை போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். பகலில் ஓடும் ஏ.சி. இரவில் நிறுத்தப்படுகிறது. ஜன்னல் இல்லாத அறை, வெளியேற வழியில்லாத ஈரம், குளிர்ந்து நிற்கும் கண்ணாடி. பழைய ஓட்டுக் கட்டடத்துத் திறந்த ஜன்னல் தந்த காற்றோட்டம்கூட இல்லை. இன்னொன்று, பலரும் கவனிக்காதது. மின்சாரம் மிச்சம் என்று அலமாரியின் குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டிவிட்டார்கள். வெளிச்சம் வருகிறது, சூடு வருவதில்லை. அலமாரிக்குள் விளக்கு எரிகிறதே என்று நிம்மதியாக இருந்த இடங்களில் பூஞ்சை திரும்ப வந்திருக்கிறது. பல்பு எதற்காக எரிந்தது என்பது தலைமுறை மாறியதில் கைமாறவில்லை.

கேமராவின் கதையும் இதை ஒட்டியதுதான். முடிக்காணிக்கை கொடுத்த குழந்தையின் மொட்டைத் தலையோடு குடும்பப் படம் எடுத்த பழைய ஸ்டூடியோக்காரர் சித்திரையில் தூசு தட்டுவார், கார்த்திகையில் சிலிகா ஜெல் வறுப்பார். இன்று எல்லோர் கையிலும் செல்போன், லென்ஸில் விபூதி விரல். அதைப்பற்றி இங்கே சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் மருத்துவத்தில் கேமரா வந்தது பெரிய மாற்றம். அரவிந்த் 2004 முதல் கிராமங்களில் விஷன் சென்டர்களை நடத்துகிறது: பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுக்க, தொலைவில் டாக்டர் திரையில் பார்க்கிறார். சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தைக் கம்ப்யூட்டரே படிக்கும் முறையும் வந்துவிட்டது. நேரில் பார்க்கும் டாக்டர் தன் கருவியின் அழுக்கைப் பழக்கத்தால் ஒதுக்கிவிடுவார். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு லென்ஸிலுள்ள தூசு விழித்திரையில் உள்ள புள்ளியாகத் தெரியலாம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நாலு பேர் படத்தை வரிசையாகப் பாருங்கள். எல்லாருக்கும் அதே இடத்தில் அதே புள்ளி இருந்தால் அது நோய் அல்ல, லென்ஸ். மைக்ராஸ்கோப்பிலும் இப்படித்தான். கண் வைக்கும் லென்ஸைத் திருகிப் பார்த்தால், புள்ளியும் சேர்ந்து சுற்றினால் அழுக்கு அதில் இருக்கிறது; சுற்றாவிட்டால் கீழே தேட வேண்டும்.

இந்த அறிவையெல்லாம் எழுத்தாக்கி, பாடமாக்கிய இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை. அரவிந்தில் கண் கருவிகளைப் பராமரிப்பதற்கென்றே ஒரு பயிற்சி நடக்கிறது. வெளிநாடுகளிலிருந்தும் வந்து படித்துப் போகிறார்கள். பேராசிரியர் வி. சீனிவாசனும் ஆர்.டி. துளசிராஜும் எழுதிய கையேடு, எந்தக் கருவியை எப்படிப் பிரிப்பது, எப்படித் துடைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தருகிறது. அங்கே உதவியாளர் வேலை செய்யும் பெண்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். அட்டெண்டர் பார்த்துக் கற்ற வித்தை அங்கே முறையான தொழிலாகிவிட்டது.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. நம் பக்கத்துச் சிறிய நர்ஸிங் ஹோமில் மைக்ராஸ்கோப்போ லேப்ராஸ்கோப்போ வாங்கினால் ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறார்கள். கம்பெனி என்ஜினீயர் வெளியூரிலிருந்து சில மாதத்துக்கு ஒருமுறை வருவார். நடுவில் உள்ள நாட்களில் லென்ஸ் யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் தெளிவாக வராது. இன்றைய ட்யூட்டி சிஸ்டர், நாளைக்கு வேறொருவர். ஒருவர் காஸால் துடைப்பார், இன்னொருவர் ஸ்பிரிட்டால், மூன்றாமவர் டவலால். ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போகிறவர் தான் கற்றதையும் எடுத்துக்கொண்டு போகிறார். அன்று ஒரே அலமாரிக்கு ஒரே அட்டெண்டர் ஆண்டுக்கணக்கில் சாவி வைத்திருந்தார். எந்த லென்ஸில் எந்த மூலையில் பூஞ்சை முதலில் வரும் என்று அவருக்குத் தெரியும். அதை ஈடுசெய்ய இன்றைய ஏற்பாட்டில் ஒன்றும் இல்லை.

செலவு பெரிதல்ல. லென்ஸுக்குப் பொறுப்பு என்று ஒருவரின் பெயரை ஓ.டி. நோட்டில் எழுத வேண்டும், அவருக்கு அதற்கான நேரத்தையும் கூடுதல் சம்பளத்தையும் தர வேண்டும். ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று, அலமாரிக்குச் சூடு தரும் பழைய பல்போ சின்ன ஹீட்டரோ, அலசுவதற்கு டிஸ்டில்ட் வாட்டர். அந்த ஒருவரை மதுரைக்கு அனுப்பிப் பயிற்சி எடுக்கவைத்து, அவர் திரும்பும்வரை வேலையைப் பார்க்க மாற்று ஆள் போட வேண்டும். ஐப்பசியில் மழை இறங்கிவிடும் என்பதால் அனுப்புகிறவர்கள் ஆவணிக்குள் அனுப்பிவிடுவது நல்லது.